சுவரில் ஓட்டை கூடாது என்கிறார் ஹவுஸ் ஓனர்: பிராட்பேண்டுக்கு என்ன வழி?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். எனக்கு இரவு ஷிப்ட். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்தால் மீட்டிங் பாதியில் அறுந்துபோகிறது. ஃபைபர் இணைப்பு போட்டுக்கொள்ளலாமா என்று ஹவுஸ் ஓனரிடம் போனில் கேட்டேன். "இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கேன், சுவத்துல ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒப்பந்தத்திலும் 'எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஆணி அடிக்கவோ மாற்றம் செய்யவோ கூடாது' என்று இருக்கிறது. ஹாலில் பழைய கேபிள் டிவி வயர் ஒன்று ஜன்னலோரம் தொங்குகிறது. படுக்கையறையில் ஓனரே போட்டுக் கொடுத்த ஏசி இருக்கிறது. அசோசியேஷன் செயலாளரோ, ஒரே ஒரு நிறுவனத்தின் கேபிளைத்தான் கட்டடத்துக்குள் விடுவோம் என்கிறார். பிராட்பேண்ட் என் உரிமை இல்லையா? யாரிடமும் சொல்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தை இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டும்.

வழக்கறிஞர் பதில்:

உரிமைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 'இணையம் அடிப்படை உரிமை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஓர் அடிப்படை உண்டு. 2019-ல் ஒரு கல்லூரி மாணவி விடுதியில் செல்போனுக்குப் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தபோது, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய வழக்கில், இணையம் வழியாகக் கருத்துச் சொல்வதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இரண்டாவது வழக்கில் எதிர்த்தரப்பு அரசு. முதலாவதில் அரசு உதவி பெறும் கல்லூரியும் பல்கலைக்கழகமும். உங்கள் ஹவுஸ் ஓனர் தனிமனிதர். அவருடைய சுவரை டிரில் செய்ய இந்தத் தீர்ப்புகள் உங்களுக்கு உரிமை தரவில்லை. அவரிடம் பேசும்போது இவற்றை எடுத்துக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நம் மாநிலத்தின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் (முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது) 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகைதாரருக்கான அத்தியாவசிய சேவைகளை வீட்டு உரிமையாளர் துண்டிக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது என்கிறது அது. குடிநீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு என்று வரும் அந்தப் பட்டியலில் தகவல் தொடர்பு இணைப்புகளும் அடங்கும். ஆனால் அந்தப் பிரிவு, இருக்கிற சேவையைப் பிடுங்குவதற்கு எதிரானது. இல்லாத இணைப்பைப் புதிதாகப் போட அனுமதித்தே ஆக வேண்டும் என்று அதை வாசிப்பது கடினம். நாளைக்கு இணைப்பு வந்த பிறகு, ஏதோ கோபத்தில் ஓனர் கேபிளை வெட்டிவிட்டால் அப்போது அது உங்களுக்குக் கைகொடுக்கும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இன்றைய நிலையில் நீங்கள் செய்ய வேண்டியது, அவரைச் சம்மதிக்க வைப்பது.

சரி, சொல்லாமல் போட்டால்? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கைப்பேசி சார்ஜர் முனை அளவுக்குக்கூட இல்லாத ஓர் ஓட்டையைக் காரணம் காட்டி உங்களைக் காலி செய்ய வைப்பது, என் கருத்தில், அவருக்குச் சுலபமாக இருக்காது. சட்டம் கவலைப்படுவது கட்டமைப்பு மாற்றங்களைப் பற்றியும் நிரந்தரக் கட்டுமானங்களைப் பற்றியும்தான். ஃபைபர் கேபிள் அந்த வகையில் வராது. ஆனால் ஒப்பந்தத்தில் 'எழுத்துப்பூர்வ சம்மதம்' என்ற வரி இருக்கிறது, அதை நீங்கள் மீறியிருப்பீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நியாயமான பிடித்தங்கள் போகத்தான். 'ஹால் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று' என்று அவர் ஒரு பில்லை நீட்டினால், அது பொய் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். என்னிடம் வரும் அட்வான்ஸ் தகராறுகளில் பெரும்பாலானவை ஆணி, ஓட்டை, கறை பற்றியவைதான். வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். உங்களுக்கான விடை அதிலேயே பாதி இருக்கிறது.

ஓனர் 'இன்டர்நெட் கூடாது' என்று சொல்லவில்லை, 'ஓட்டை கூடாது' என்றுதான் சொல்லியிருக்கிறார். நீங்களோ பிராட்பேண்டுக்கு அனுமதி கேட்டிருக்கிறீர்கள். அவர் மனதில் ஓடியிருப்பது என்னவென்று ஊகிக்க முடிகிறது. டிரில் மிஷினோடு ஒரு பையன் வருவான், புதுப் பெயிண்டில் பூச்சு உதிரும், மழைக்காலத்தில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், நீங்கள் காலி செய்த பிறகு அடுத்து வருபவர் இன்னொரு ஓட்டை போடுவார். இதில் எதுவுமே வீண்பயம் இல்லை. வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும் சுவரில் சரியாக அடைக்காத ஒரு சின்ன ஓட்டை, உள்பக்கம் ஒரு முழம் நீளத்துக்கு ஈரத்திட்டு வர வைத்துவிடும்.

ஆனால் உங்கள் வீட்டில் புதிதாக ஓட்டையே தேவைப்படாது போலிருக்கிறது. ஏசியின் செம்புக்குழாய் வெளியே போக ஏற்கெனவே ஒரு துளை இருக்கும். குழாயைச் சுற்றிப் பட்டியோ களிம்போ வைத்து அடைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் நெகிழ்த்தினால் ஃபைபர் கேபிள் தாராளமாக நுழையும். பிறகு திரும்ப அடைத்துவிடலாம். ஹாலில் தொங்கும் பழைய கேபிள் டிவி வயரும் ஏதோ ஒரு வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. அந்த வயர் இப்போது பயன்பாட்டில் இல்லை என்றால், ஓனரிடமும் கேபிள்காரரிடமும் கேட்டுவிட்டு அதை உருவி எடுத்த இடத்தில் ஃபைபரை விடலாம். கொஞ்சம் பழைய கட்டடமாக இருந்தால், லேண்ட்லைன் காலத்தில் பில்டர் பதித்த டெலிபோன் பைப் ஒன்று தரைத்தளப் பெட்டியிலிருந்து உங்கள் ஹால் சுவிட்ச் போர்டு வரை வந்திருக்கும். அதுவும் நல்ல வழி. கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் ஃபைபரை நுழைக்க விடாதீர்கள்.

வழி எதுவானாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபைபர் கேபிள் மெல்லியது, பென்சில் அளவுகூட வராது. அதன் நுனியில் மாட்டும் பச்சை நிற பிளாஸ்டிக் முனைதான் பெரிது. அந்த முனையோடு சேர்த்து நுழைக்கப் பார்த்தால்தான் பெரிய துளை வேண்டும். வெறும் கேபிளை முதலில் உள்ளே இழுத்துவிட்டு, முனையை வீட்டுக்குள் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அந்த வேலை டெக்னீஷியனுக்குத் தெரியும். நேரம் மிச்சமாகும் என்பதால்தான் முனை போட்ட கேபிளோடு வருவார். இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களில் பலர், இருப்பதிலேயே குறுக்கு வழியைத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. வருவதற்கு முன்பே போனில் வழியைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லா வழியும் அடைபட்டு, ஒரே ஒரு துளை போட்டே ஆக வேண்டும் என்றால், எப்படிப் போடுவது என்பதையும் நீங்களே ஓனரிடம் சொல்லுங்கள். துளை உள்ளே உயர்ந்தும் வெளியே தாழ்ந்தும் சாய்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் உள்ளே ஏறாது. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டிரில் முனை மறுபக்கம் வெளியேறும்போதுதான் பூச்சு பெயர்ந்து விழும், அதனால் கடைசி அங்குலத்தில் அழுத்தாமல் மெதுவாகப் போக வேண்டும். கடைசியில் இரண்டு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். தூணிலும் பீமிலும் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு வாடகைதாரர் வாயால் கேட்டால், சுவரைப் பற்றி உங்களுக்கும் அக்கறை இருக்கிறது என்று அவருக்குப் புரியும்.

வீட்டுக்குள் கேபிளைச் சுவரோடு ஓட்ட, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் இருக்கும்போது கவலை என்ன என்பார்கள். புது எமல்ஷன் மேல் ஒட்டிய டேப்பைப் பிறகு உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். தரையோரம் இருக்கும் ஸ்கர்டிங் டைல்ஸ் மேல் ஒட்டச் சொல்லுங்கள். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் தடம் தெரியாமல் வந்துவிடும்.

ஓனரைத் திரும்பப் போனில் பிடிக்காதீர்கள். போனில் ஒருமுறை 'இல்லை' என்றவர் மறுபடியும் அதையேதான் சொல்வார். வாடகை கொடுக்கும் சாக்கிலோ, ஒப்பந்தம் புதுப்பிப்பது பற்றிப் பேசும் சாக்கிலோ நேரில் போங்கள். டெக்னீஷியனிடம் ஒரு சாண் நீளத்துக்குக் கழிவு ஃபைபர் கேபிள் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். (உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வெட்டிய நுனி கையில் ஏறிவிடும், அதனால் இரண்டு முனையிலும் டேப் சுற்றிவிடுங்கள்.) மனதில் பைப் அளவு ஓட்டையைக் கற்பனை செய்து வைத்திருப்பவருக்கு இந்தத் துண்டு சொல்வதை, நீங்கள் அரை மணி நேரம் பேசியும் சொல்ல முடியாது. அப்படியே ஏசி துளையைப் படம் எடுத்து, கேபிள் வரும் வழியை அதன் மேல் கோடு போட்டுக் காட்டுங்கள்.

வயதான உரிமையாளர்களிடம் இன்னொரு பயமும் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். பில் கட்டாமல் போய்விட்டால் தன் தலையில் விழுமோ, இணையத்தில் யாராவது ஏதாவது செய்துவிட்டுப் போலீஸ் தன் வீட்டு முகவரிக்கு வருமோ என்பதுதான் அது. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்கும். பில்லுக்கும் பயன்பாட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

நேரில் பேசி அவர் தலையாட்டிய பிறகு, அன்று மாலையே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். இன்று நேரில் பேசியபடி, படுக்கையறை ஏசி பைப் போகும் துளை வழியாக ஒரு ஃபைபர் கேபிள் உள்ளே கொண்டுவருகிறோம். சுவரில் புதிதாக ஓட்டை எதுவும் போட மாட்டோம். கேபிளை மாடியிலிருந்து, பின்பக்கம் பைப்புகள் இறங்கும் ஷாஃப்ட் வழியாக இறக்குவார்கள். வேலை ஞாயிறு காலை நடக்கும், நீங்களும் வந்து பார்க்கலாம். துளையை அன்றைக்கே அடைத்துப் படம் அனுப்புகிறேன். இணைப்பு என் பெயரில் இருக்கும், கட்டணம் முழுக்க என் பொறுப்பு. காலி செய்யும்போது கேபிளை எடுப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். எடுக்கச் சொன்னால் என் செலவில் எடுத்து, இடத்தைப் பழையபடி சரிசெய்து தருகிறேன். உங்கள் சம்மதத்தை இதில் பதிலாக அனுப்பினால் உதவியாக இருக்கும்."

அதற்கு அவர் 'சரிம்மா, சம்மதம்' என்று பதில் போட்டால் போதும். மின்னணுப் பதிவையும் எழுத்தாகவே ஏற்கிறது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். வெறும் கட்டை விரல் படத்தோடு திருப்தி அடையாதீர்கள், இரண்டு வார்த்தை கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அந்தச் சுவரைப் படம் எடுத்து அதே உரையாடலில் போட்டு வையுங்கள். காலி செய்யும் நாளில் அந்தப் படங்கள்தான் உங்கள் அட்வான்ஸுக்குக் காவல்.

அவர் இன்னும் தயங்கினால், அவருக்கும் லாபமான ஒரு யோசனை சொல்கிறேன். அவருக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியனையே வரச்சொல்லி, ஷாஃப்டிலிருந்து ஹால் வரை ஒரு மெல்லிய பிவிசி பைப் போடச் சொல்லுங்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது பாதிப் பாதி. இனி எந்த வாடகைதாரர் எந்த நிறுவனத்தை மாற்றினாலும் அந்த ஒரே பைப்பில்தான் கேபிள் போகும்; சுவர் தப்பித்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீருக்கு அடுத்து ஃபைபர் இருக்கிறதா என்று கேட்கிற காலம் இது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து அசோசியேஷன். பலர் இங்கேதான் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். மொட்டை மாடி, மாடிப்படி, ஷாஃப்ட் எல்லாம் பொது இடங்கள். பிரிக்கப்படாத பங்கு உள்ள எல்லா உரிமையாளர்களுக்கும் சொந்தம். அதனால் உங்கள் ஓனர் சரி என்றாலும், அவர் சம்மதம் அவருடைய நான்கு சுவருக்குள் மட்டும்தான் செல்லும். அதேபோல, சங்கத்தில் உறுப்பினர் அவர்தான், நீங்கள் இல்லை. நீங்கள் செயலாளரிடம் போய் வாதாடினால், 'ஓனரை வரச் சொல்லுங்க' என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார். ஓனரின் சம்மதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

'ஒரே நிறுவனம்தான்' என்ற விதி எங்கிருந்து வந்தது என்று நாசூக்காகக் கேட்டுப் பாருங்கள். பொதுக்குழுத் தீர்மானமா, நிறுவனத்தோடு எழுதிய ஒப்பந்தமா, அல்லது முன்பு ஒரு செயலாளர் மாடியில் வயர் கூடு கட்டுவதைப் பார்த்துவிட்டு வாயால் சொன்னதா? பெரும்பாலும் மூன்றாவதுதான். தீர்மானம் இல்லை என்றால், கேபிளை ஷாஃப்டுக்குள் கிளிப் அடித்து, பெயர்ச்சீட்டு மாட்டி, எலக்ட்ரிக் மீட்டர் பலகைப் பக்கம் போகாமல் கொண்டுவருவதாக எழுதிக் கொடுத்தால் மனம் மாறும்.

மாறாவிட்டால், அந்த ஒரே நிறுவனத்தின் இணைப்பையே வாங்கிப் பாருங்களேன். இதில் கௌரவம் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேளுங்கள்: வீட்டுக்குள் வருவது ஃபைபரா, மாடியில் இருக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து இறங்கும் லேன் வயரா? லேன் வயர் செம்பு. ஒரு நல்ல இடி இறங்கினால் அதன் வழியாக மின்னழுத்தம் வந்து ரவுட்டர் போய்விடும், சில நேரம் அதில் சொருகியிருக்கும் லேப்டாப்பும் போய்விடும். அலுவலக லேப்டாப் வைத்திருப்பவர் நீங்கள். ஃபைபர்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஓனரும் சங்கமும் இரண்டுமே கதவைச் சாத்திவிட்டால் மிச்சம் இருப்பது 5ஜி. ஜியோவும் ஏர்டெல்லும் 2023 முதல் ஏர்ஃபைபர் என்ற பெயரில் வீட்டுக்கான கம்பியில்லா இணைப்பு தருகின்றன. பெயரைக் கேட்டு வயரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாடியிலோ வெளிச்சுவரிலோ ஒரு பெட்டி பொருத்தும் வகையில், அந்தப் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் ஒரு வயர் வரத்தான் வேண்டும்; மாடி என்றால் மறுபடியும் செயலாளர்தான். ஜன்னலோரம் மேசையில் வைக்கும் வகைக் கருவி உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். வாங்கும் முன் உங்கள் ஷிப்ட் நேரத்தில், அதே ஜன்னலில், அதே நிறுவனத்தின் 5ஜி சிம் போட்ட போனை வைத்து, அலுவலக வி.பி.என்.னோடு (அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) ஒரு மணி நேரம் வேலை பார்த்துச் சோதியுங்கள். வேகம் காட்டும் ஆப்பில் பெரிய எண் வந்தால் மட்டும் போதாது. குரல் அறுபடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு மாதம் இருக்கிறது என்றீர்கள். இதை வசதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் சம்மதம் இன்றைக்குப் போதும், ஆனால் ஓனர் மனம் மாறினாலும், அவர் மகனோ மகளோ வீட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டாலும் நிற்பது ஒப்பந்த வரிதான். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று பழைய பழக்கத்தில் சொல்வார்கள். 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அந்தப் புது ஒப்பந்தத்திலேயே 'ஆணி அடிக்கவோ மாற்றம் செய்யவோ' என்ற வரிக்குக் கீழே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

"வாடகைதாரர் தம் பெயரிலும் தம் செலவிலும் இணைய இணைப்பு வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். கேபிள், படுக்கையறை ஏசி குழாய்க்கான தற்போதைய துளை வழியாக மட்டுமே கொண்டுவரப்படும். காலி செய்யும்போது உரிமையாளர் கேட்டால் கேபிளை அகற்றி அவ்விடத்தை முன்பிருந்த நிலைக்கு வாடகைதாரர் சரிசெய்து தருவார். இதைத் தவிர இவ்விணைப்பு குறித்து முன்பணத்தில் பிடித்தம் எதுவும் இல்லை."

கடைசி வாக்கியத்தை நீக்கச் சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலி செய்யும் மாதம் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் நிறுவனத்திடம் ஒப்படைத்து, பாக்கி இல்லை என்ற ரசீதை வாங்கி ஓனருக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கணக்கைப் பேச உட்காருங்கள்.